அபீபா முதலைக்கு இடது கையால் பரிமாறிய கதை

அபீபா தாத்தா வருகிறாள் என்று தெரிந்தால் போதும், யட்டவத்தையில் கலியாண வயதில் பையன் இருக்கிற வீட்டு வாசல்களில் செருப்புகள் எல்லாம் வரிசைக்கு வந்துவிடும். தாத்தா என்றதும் பொக்கை வாய்க் கிழவர் ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. அபீபா இருபத்தெட்டு வருடமாகக் கலியாணம் பேசி வைத்தவள், ஆகவே ஊருக்கே தாத்தா. வயது ஐம்பத்தொன்பது. குடையும் கைப்பையும் இல்லாமல் அவளைப் பார்த்தவர் கிடையாது. அவள் சிரித்துப் பார்த்தவரும் அதிகம் கிடையாது.

செருப்புக்கு வருவோம். மற்றத் தரகர்கள் மாப்பிள்ளையின் படிப்பைக் கேட்பார்கள், வேலையைக் கேட்பார்கள், எத்தனை கிராம்பு மரம் என்று கேட்பார்கள். அபீபா அதையெல்லாம் மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, தானே ஒரு பரீட்சை வைத்திருந்தாள். பையன் வாசலில் செருப்பை எப்படிக் கழற்றுகிறான் என்று ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். பலகாரப் பீங்கானில் கைக்கு எட்டியதை எடுக்கிறானா, பெரிய ரோல்ஸுக்காக எட்டிப் பாய்கிறானா என்று பார்ப்பாள். அவனுக்கு மட்டும் சீனி போடாத பிளேன்டீ கொடுத்து முகத்தைக் கவனிப்பாள். எல்லாம் முடிந்த பிறகு, அவனை ஏற்றிவந்த ஓட்டோக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, வழியில் எப்படிப் பேசினான் என்று விசாரிப்பாள். மார்க் நூற்றுக்கு. அறுபத்தைந்துக்குக் கீழே எடுத்தவனுக்குப் பெண் கிடையாது, அவன் டொக்டராக இருந்தாலும் சரி.

அவளுடைய தம்பி நுஹ்மான் யட்டவத்தைக் கடைத்தெருவில் மிளகும் கிராம்பும் வாங்கி விற்கிறவன். அவன் மகள் பர்ஸானா. சொந்தத்தில் பிள்ளை இல்லாத அபீபாவுக்கு அந்தப் பெண்தான் பிள்ளை, புருஷன் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்த பிறகு உலகமும் அவள்தான். பர்ஸானாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற காலம் வந்தபோது அபீபா பதினாறு பேரைத் தட்டிக் கழித்தாள். பதினேழாவதாகக் குருநாகலில் இருந்து ஒருவன் வந்தான்.

அவன் தன் செருப்பை நேராக வைத்தது மட்டுமல்ல, பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த நுஹ்மானின் செருப்பையும் நிமிர்த்தி வைத்தான். பீங்கானின் ஓரத்தில் இருந்த உடைந்த கட்லட்டை எடுத்தான். சீனியில்லாத பிளேன்டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து, அல்ஹம்துலில்லாஹ் என்றான். ஓட்டோக்காரர் கணபதி, "தங்கமான பையன் தாத்தா, வர்ற வழியெல்லாம் என் புள்ளைங்க படிப்பப் பத்தித்தான் கேட்டுக்கிட்டு வந்தாரு" என்று சாட்சி சொன்னார். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அபீபா நூற்றுக்கு நூறு போட்டாள். போட்டுவிட்டு மகிழ்ச்சி தாங்காமல் லேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வினாத்தாள் எப்போதோ வெளியாகிவிட்டது என்பது பாவம் அவளுக்கு மட்டும்தான் தெரியாது. தோற்ற மாப்பிள்ளைகளின் உம்மாமார் சும்மா இருப்பார்களா? ஒருத்திக்கு ஒருத்தி சொல்லி, மாத்தளை முழுக்கப் பரவி, குருநாகல் வரைக்கும் போய்விட்டது. அங்கே ஒரு வீட்டில் ஒரு மாதம் சீனியில்லாத பிளேன்டீ குடித்துப் பயிற்சி நடந்திருக்கிறது.

கலியாணம் முடிந்து இரண்டு வருடத்தில் பர்ஸானா ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். "எனக்கு அங்க இருக்க ஏலாது" என்று மட்டும் சொன்னாள். பிறகு காதி நீதிமன்றத்தில் விவாகரத்து, கையெழுத்து, இத்தாக் காத்திருப்பு எல்லாம் முறைப்படி முடிந்தது. வாப்பாவோடும் உம்மாவோடும் சாதாரணமாகப் பேசினாள். அபீபாவோடு மட்டும் பேச்சில்லை. சலாம் சொன்னால் பதில் சலாம் சொல்வாள், ஏனென்றால் அது கடமை. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. பதினான்கு மாதம் அப்படியே போனது.

அபீபா கலியாணம் பேசுகிற வேலையை நிறுத்திவிட்டாள். கேட்டு வந்தவர்களிடம் முழங்கால் வலி என்றாள். வெள்ளிக்கிழமை தவறாமல் வட்டிலப்பம் செய்து, தம்பி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவாள். பர்ஸானா அதைச் சாப்பிடுவாள், பாத்திரத்தைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுப்பாள், பேசமாட்டாள். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் எப்படியோ, அபீபாவுக்கு அது வரவில்லை. ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிப் பழகிய வாய்க்கு அந்த ஒரு சொல் மட்டும் பழக்கமில்லை. ஆகவே சீனியைக் கூட்டி இன்னும் நல்ல வட்டிலப்பமாகச் செய்து பார்த்தாள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு போனபோதுதான், வாசலில் வைத்தே அந்தச் சத்தம் கேட்டது. பர்ஸானா சிரித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் சிரிப்பாளே, கடைசியில் மூக்கால் ஒரு கர்ர் சத்தத்தோடு முடிகிற சிரிப்பு, அதே சிரிப்பு. அபீபா பாத்திரத்தைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே போனால் சிரிப்பு நின்றுவிடும் என்று பயம்.

எட்டிப் பார்த்தாள். ஹோலின் நடுவில் பர்ஸானா, கண்ணை முழுக்க மூடிய ஒரு கறுப்புக் கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் ஏதோ பிடியைப் பிடித்துக்கொண்டு, காற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள். மேசையில் இருந்த லெப்டொப்பில் அவள் பார்ப்பது தெரிந்தது. ஒரு தேத்தண்ணிக் கடை. கடை முதலாளி டை கட்டிய ஒரு நீர்யானை. அடுக்கி வைத்த பீங்கான்கள் பனைமரம் உயரத்துக்கு இருந்தன. பர்ஸானாவின் கை தட்டி அத்தனையும் சரிந்து விழுந்தன. நீர்யானை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பர்ஸானாவும் சிரித்தாள்.

"அது அவட வேல, தாத்தா" என்று நுஹ்மான் மெதுவாகச் சொன்னான். "கொழும்புல ஒரு கம்பெனி. புதுசா செய்ற வெளயாட்ட அனுப்புவாங்க. இவ வெளயாடிப் பாத்து, எங்க எங்க பிழ ஈக்கிதுன்னு எழுதி அனுப்பணும்."

"வெளயாடுறதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?"

"ஓம்."

"அல்லாவே" என்றாள் அபீபா. ஆனால் அவள் கண் லெப்டொப்பை விட்டு நகரவில்லை. இந்தப் பிள்ளையைப் பதினான்கு மாதத்துக்குப் பிறகு சிரிக்க வைத்த அந்தக் கடைக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும் போலிருந்தது. பர்ஸானா கண்ணாடியைக் கழற்றியதும், வாப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் பார்த்தபடி, "எனக்கும் ஒருக்கா போட்டு விடுங்க" என்றாள்.

பர்ஸானா கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்தாள். பிறகு வந்து அதை மாமியின் முக்காட்டுக்கு மேலால் மாட்டினாள். அபீபா தானாகப் பிடித்து இழுக்கப் போக, "பெல்ட்ட இழுக்காதீங்க மாமி, நானே இறுக்குறேன்" என்றாள். சலாமுக்கு மேற்பட்ட முதல் வார்த்தை அது. கண்ணாடிக்குள் அழுதால் ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் போகும் என்பதை அபீபா அந்த நிமிடமே கற்றுக்கொண்டாள்.

ஆவி போனதும் கடை தெரிந்தது. டை கட்டிய நீர்யானை எதிரில் நின்று இங்கிலீஷில் ஏதோ சொன்னது. டையைப் பார்த்ததும் பிரதேச செயலகத்து ஆள் மாதிரித் தோன்றியதால், அபீபா சிங்களத்தில் மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிட்டு, எந்த ஊர் என்று கேட்டாள். அதற்கு முதல் கடைக்குள் நுழையும்போதே சலாம் சொல்லி, காலில் இல்லாத செருப்பையும் கழற்றியிருந்தாள். சட்டியைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவத் தண்ணீர்க் குழாய் தேடினாள். குழாய் சும்மா வரைந்த படம். அதைத் திருகப் பார்த்தே கால்மணி நேரம் போனது. பின்னால் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. பர்ஸானா குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

கொழும்பிலிருந்து மறுநாளே பதில் வந்ததாம். அந்தக் கம்பெனிக்காக அறுபது பேர் விளையாடிப் பார்க்கிறார்கள், இப்படியான பிழைகளை ஒருவரும் விடவில்லை, இந்த ஆளை விட்டுவிட வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். அபீபா பெருமையை மறைத்துக்கொண்டு, "நான் என்ன பிழ விட்டேன்? கை கழுவுறது பிழயா?" என்றாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை மட்டும் என்பது போய், தினமும் அசருக்குப் பிறகு ஆஜரானாள். முழங்கால் வலி எங்கே போனதோ தெரியாது.

விளையாட்டு வந்த பெட்டியில், இது மூளைக்கு வேலை தருகிற புதிர் விளையாட்டு என்று போட்டிருந்தார்கள். நான் சொல்கிறேன், அது சுத்தப் பொய். மூளையைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்தால்தான் அந்தக் கடையில் ஒரு வேலை நடக்கும். அடுப்பில் இருக்கிற பானைக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டு எழும்ப மாட்டேன் என்கிறது. கெட்டிக்காரர்கள் அதைத் தூக்கப் பார்ப்பார்கள், பயமுறுத்தப் பார்ப்பார்கள், ஒன்றும் நடக்காது. நீங்களும் அதற்குப் பக்கத்தில் குந்தி, அதே மாதிரி கொக்கரித்தால்தான் அது உங்களைச் சொந்தக்காரர் என்று நம்பி இடம் விடும். அபீபா இதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் எடுத்தாள். கண்டுபிடித்த நாளில், ஹோலின் நடுவில் குந்தி, இருபத்தெட்டு வருடக் கௌரவத்தையும் சேர்த்து ஒரு கொக்கரிப்புக் கொக்கரித்தாள். பல்லேபொலவில் இருந்து மிளகு கொண்டுவந்திருந்த சிங்கள நோனா வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு, சாக்கை இறக்காமலே திரும்பிப் போய்விட்டாள். நுஹ்மான் பின்னால் ஓடவேண்டி வந்தது.

பர்ஸானா பேசத் தொடங்கியிருந்தாள், ஆனால் விளையாட்டுப் பேச்சு மட்டும். வலது பக்கம் மாமி. குனியுங்க மாமி. அது உப்பு இல்ல, வெடிமருந்து. கண்ணாடியைக் கழற்றியதும் மறுபடி மௌனம். அபீபா அதற்கும் நன்றி சொல்லிக்கொண்டாள், ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் மனம் கனத்தது.

பிறகு முதலை வந்தது.

அந்தக் கட்டத்தில் உங்கள் வலது கை ஒரு ஜேம் போத்தலுக்குள் மாட்டிக்கொள்ளும். கழற்ற முடியாது. அந்த நேரம் பார்த்து, பசியோடு ஒரு முதலை மேசையில் வந்து உட்காரும். சும்மா இருக்கிற இடது கையால் ரொட்டியை எடுத்துக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். அறுபது பேரும் இதை ஐந்து நொடியில் செய்திருந்தார்கள். அபீபா நாற்பது நிமிடம் நின்றாள். போத்தலை அடுப்பில் தட்டினாள். ரொட்டியை முழங்கையால் தள்ளப் பார்த்தாள், அந்த உலகத்தில் அவளுக்கு முழங்கை இல்லை. நீர்யானையை உதவிக்குக் கூப்பிட்டாள், அது பேப்பர் படித்துக்கொண்டிருந்தது.

"மாமி, இடது கை சும்மாதானே ஈக்கிது" என்றாள் பர்ஸானா.

"இடது கையாலயா? வந்த விருந்தாளிக்கு இடது கையால சாப்பாடு குடுக்குறதா?"

"அது மொதல, மாமி."

"மொதலயா இருந்தா என்ன? பசின்னு வந்து ஒக்காந்தா விருந்தாளிதான்."

முதலை பசி தாங்காமல் மேசையைக் கடித்தது. உட்கார்ந்திருந்த கதிரையைத் தின்றது. நீர்யானையின் டையைப் பாதி விழுங்கியது. கடைசியில் வாயைத் திறந்து ஓவென்று அழத் தொடங்கியது. அதற்கு மேல் அபீபாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இடது கையால் ரொட்டியை எடுத்து, தலையைக் குனிந்து, "மன்னிச்சுக்கங்க தம்பி, வலது கை மாட்டிக்கிச்சு. தப்பா நெனைக்காதீங்க. மன்னிச்சுக்கங்க" என்றாள். அது தின்று முடித்ததும் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டாள்.

பர்ஸானா தரையில் விழுந்து சிரித்தாள். மூக்கால் கர்ர் சத்தம் நாலு தடவை வந்தது. கொழும்புக்காரர்கள் இந்தச் சங்கதியைக் கேட்டு ஆளுக்கு ஆள் சொல்லிச் சிரித்து, இடது கையை ஒருவர் பயன்படுத்தாமலே நின்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு 'அபீபா பிழை' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

இந்தச் சந்தோஷத்தில்தான் அபீபாவுக்குப் புத்தி கெட்டது. அடுத்த வாரம் நுஹ்மான் அவளைக் கூப்பிட்டு, பல்லேபொலவில் இப்ஹாம் என்று ஒரு மாஸ்டர், பெண்சாதி மௌத்தாகி மூன்று வருடம், பர்ஸானாவைக் கேட்கிறார்கள், கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள் என்றான். அபீபாவின் கண்ணில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. பர்ஸானாவிடம் ஓடினாள்.

"மகள், இந்த முற ஒருத்தனும் என்ன ஏமாத்த ஏலாது. கண்ணாடிய மாட்டி அந்தக் கடைக்குள்ள விட்டா, ஆள் யாருன்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சிரும். அவனுக்கு நாம தெரியமாட்டோம், நமக்கு அவன் முழுசா தெரிவான். வீட்ல சொல்லிக் குடுத்து அனுப்பவும் ஏலாது. கோழிக்கு இருபது மார்க், பீங்கானுக்கு முப்பது, மொதலைக்கு அம்பது."

பர்ஸானா லெப்டொப்பை மூடினாள்.

"திரும்பவும் மார்க் போடப் போறீங்களா மாமி?"

மார்க் எண்ணிக்கொண்டிருந்த விரல்களை அபீபா மடக்கிக்கொண்டாள்.

"இத வெளயாடக்குள்ள நான் எதுக்கு சிரிக்கிறேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? அந்தப் பீங்கான் எல்லாம் விழுந்து ஒடயுதே, நீர்யானை சிரிக்கிது. மேல இருந்து வேற பீங்கான் வருது. அவ்வளவுதான் நடக்குது. குருநாகல் வீட்டுல என்ட கையால ஒரு கோப்ப ஒடஞ்சது. நாலு நாள் அவர் பேசல்ல. அடிக்கல்ல, ஏசல்ல. நான் அந்த வீட்டுல இல்லாத மாதிரி என்னத் தாண்டித் தாண்டி நடந்தார். பொறகு கறியில உப்புக் கூடினதுக்கு ஒரு கெழம முழுக்க. பொறகு எதுக்குன்னே தெரியாம பதினொரு நாள்."

"நீ எனக்கு சொல்லியிருந்தா..."

"சொன்னேன். போன் எடுத்து அழுதுட்டு சொன்னேன். நூத்துக்கு நூறு எடுத்த புள்ள, பொறுமசாலி, நீதான் வாயக் கொறைக்கணும்னு சொல்லி வச்சிட்டீங்க." அவள் லெப்டொப்பைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "பேசாம இருந்தா எவ்வளவு வலிக்கும்னு எனக்குத் தெரியும் மாமி. தெரிஞ்சுதான் உங்களோட பேசாம இருந்தேன். நீங்க மொதலைக்கிட்ட மூணு தரம் மன்னிப்புக் கேட்டீங்க."

சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அபீபாவுக்கு அந்த போன் ஞாபகம் வந்தது. மாத்தளை பஸ் தரிப்பிடத்தில் நின்றுகொண்டு, இன்னொரு வீட்டுக் கலியாணத்துக்கு அவசரமாகப் போகிற வழியில் பேசியது. பிள்ளை என்ன சொன்னாள் என்பது பாதி மறந்திருந்தது, தான் சொன்னது மட்டும் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்தவள் ஒரு வாரம் தம்பி வீட்டுப் பக்கம் போகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. இப்ஹாம் மாஸ்டரைப் பற்றிக் கேட்க நுஹ்மான் போன் எடுத்தபோது, "அத அவகிட்ட கேளு தம்பி. அவ வேணாம்னா வேணாம்" என்று மட்டும் சொன்னாள். இருபத்தெட்டு வருடத்தில் அவள் கொடுத்த மிகக் குட்டையான அபிப்பிராயம் அது.

அடுத்த வெள்ளிக்கிழமை வட்டிலப்பம் இல்லாமல் போனாள். பர்ஸானா மட்டும் ஹோலில் இருந்தாள். அபீபா சலாம் சொன்னாள், பதில் வந்தது. "கண்ணாடிய ஒருக்கா போட்டு விடு மகள்" என்றாள். பர்ஸானா பேசாமல் மாட்டிவிட்டாள், பெல்ட்டை இறுக்கினாள்.

கடையில் எல்லாம் வழக்கம் போலத்தான் இருந்தது. பீங்கான் அடுக்கு, பானைக்குள் கோழி. அபீபா ஒன்றையும் தொடவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல வராததை இதற்குள் நின்று சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். கொக்கரித்த இடத்தில் வெட்கப்பட இனி என்ன இருக்கிறது? பர்ஸானா இருக்கிற பக்கத்தைக் குத்துமதிப்பாகப் பிடித்துத் திரும்பினாள். எதிரில் நீர்யானை பேப்பரை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தது.

"மகள்" என்று தொடங்கினாள். "நான் செஞ்சது பிழ. நல்லத நெனச்சுத்தான் செஞ்சேன், ஆனா பிழதான். அண்டைக்கு நீ போன் பண்ணக்குள்ள பஸ் சத்தம் மகள், பாதி வெளங்கல்ல. கலியாண வீட்டுக்காரங்களும் அவசரப்படுத்திட்டு இருந்தாங்க. அவனும் அப்பிடி நடிச்சிட்டான், கணபதி கூட நல்ல பொடியன்னு சொன்னாரு. ஆனாலும் நான் பிழதான். உன்ட வாழ்க்கய நான் கெடுத்துட்டேன். என்ன மன்னிச்சுக்க."

சொல்லி முடித்து, பிடிகளைப் பிடித்த இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி நின்றாள். நீர்யானை கண்ணைச் சிமிட்டியது. கண்ணாடிக்குள் ஆவி படிந்து கடை மறைந்தது.

பின்னாலிருந்து இரண்டு கை வந்து அவள் தோளைப் பிடித்தது. மெதுவாக அரைவட்டம் திருப்பி நிறுத்தியது.

"மாமி, நீங்க அலமாரிக்குத்தான் சொல்லிட்டு ஈந்தீங்க" என்றாள் பர்ஸானா. "நான் இங்க ஈக்கிறேன். இன்னொருக்கா சொல்லுங்க."

அபீபா கண்ணாடியைக் கழற்றினாள். முக்காடு சரிந்து, மூக்கில் சிவப்பாகத் தடம் பதிந்திருந்தது. பர்ஸானா ஒரு முழம் தூரத்தில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை பஸ் சத்தம் வரவில்லை, கலியாண வீட்டுக்காரர்கள் வரவில்லை, கணபதி வரவில்லை.

"நீ அழுதுட்டு சொன்ன. நான் கேக்கல்ல. என்ன மன்னிச்சுக்க, மகள்" என்றாள்.

பர்ஸானா அழுதுவிட்டாள்.